தேத்தண்ணியில் வைன்

இயேசு மரி சூசை

ஆலங்குடா
17.09.2023

என் அன்பின் கில்பட்டுக்கு,

நான் இங்கே சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டுமென்று தலவில் புனித அன்னம்மாளிடம் ஒவ்வொரு நாளும் கேட்கிறேன். வேறு யாரிடம் கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை.

போன கிழமைதான் கொழும்பிலிருந்து, பிடிபட்ட மீனவர்களுக்கு உதவுகிற ஒரு ஐயா போன் எடுத்தார். “அங்க சிறையில போன் குடுக்க மாட்டாங்க அம்மா. காகிதம் எழுதித் தாங்க, எங்கட ஆள் போகேக்க கொண்டு போவார்” என்றார். உங்கள் குரல் கேட்டு நாலைந்து மாதமாகிவிட்டது. காகிதமாவது போகுமே என்று அன்றைக்கே கொப்பியும் பேனையும் வாங்கிவிட்டேன். ஆனால் என்ன எழுதுவதென்று இன்றைக்குத்தான் வந்தது.

நடுக்கடலில் போட் இஞ்சின் நின்றதென்றும், நீரோட்டம் இழுத்து அடுத்த நாட்டுக் கடலுக்குள் போனீர்கள் என்றும், அவர்களுடைய கடற்படை உங்கள் நாலு பேரையும் போட்டோடு பிடித்ததென்றும் போட் முதலாளி சொன்னார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். போட்டை ஓட்டினவர் நீங்கள் என்பதால் உங்களைத்தான் கூடக் கேள்வி கேட்பார்கள் என்று, உங்களோடு பிடிபட்ட நஜாத்தின் மனைவி சிபானா சொன்னாள். சொல்லிவிட்டு, அவள்தான் அழுதாள்.

நான் இப்போது றஸீன் நானாவின் ஹோட்டலில் அறை துப்புரவாக்கப் போகிறேன். கோபிக்க வேண்டாம். வீட்டில் தனியே இருந்தால் வாசலையே பார்த்துக்கொண்டு இருப்பேன். இடுப்பில் பட்டம் கட்டிக்கொண்டு பலகையில் நின்று கடலில் ஓடுகிற வெள்ளைக்காரர்கள்தான் அங்கே தங்குகிறார்கள். அதில் வயது போன ஒரு அம்மா, ஊருக்குப் போகும்போது ஒரு பெட்டி ரீ பேக்கை விட்டுவிட்டுப் போனா. நம்முடைய நாட்டுத் தேயிலைதான். அங்கே கடையில் வாங்கி, திரும்ப இங்கேயே கொண்டுவந்திருக்கிறா! “இதில் தேத்தண்ணி மட்டும் இல்லை, வைனும் செய்யலாம்” என்று சொல்லித் தந்தா. றஸீன் நானாதான் எனக்கு விளங்கப்படுத்தினார். “நான் சொல்லித் தாறது மட்டும்தான் தங்கச்சி, பாவம் என்ட கணக்குல வராது” என்று சிரித்தார்.

மார்கழியில் நத்தாருக்கு நீங்கள் வந்துவிடுவீர்கள்தானே. அதனால் செய்து பார்க்கிறேன். பத்துப் பையைச் சுடுதண்ணியில் நல்ல சாயமாக ஊறவிட்டு, சீனி கரைத்து, தேசிக்காய் பிழிந்து, காய்ந்த முந்திரிகைப் பழத்தை நசுக்கிப் போட்டேன். ஆறினபிறகு ஈஸ்ட். எல்லாவற்றையும் பெரிய தண்ணிக் கேனில் ஊற்றி, வாயில் ஒரு பலூனை மாட்டி, ஊசியால் சின்ன ஓட்டை போட வேண்டும். உள்ளேயிருக்கும் காற்று வெளியே வரும், வெளிக்காற்று உள்ளே போகாதாம்.

பலூன் வாங்க நஃபீஸா அக்காவின் கடைக்குப் போனேன். “யாருட பேர்த்டே மகள்?” என்று கேட்டா. கலியாணம் முடித்துப் பதினாறு வருடமாக நம் வீட்டில் யாருக்குப் பலூன் வாங்கினோம்? கேட்டபிறகு அவவுக்கே முகம் மாறிவிட்டது. சிவப்பு ஒன்றைக் கையில் வைத்து, காசு வேண்டாமென்று அனுப்பிவிட்டா.

உடம்பைப் பாருங்கள். பதில் போடுங்கள்.

உங்கள்
நிஷாந்தினி


சிறைச்சாலை
22.10.2023

என் நிஷாவுக்கு,

உன் காகிதம் கையில் கிடைத்தது. மூன்றாவது வாசிப்பில்தான் விளங்கியது. முதல் இரண்டு தரமும் உன் எழுத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

நான் நல்ல சுகம். நாலு பேரும் ஒரே கூடத்தில்தான் இருக்கிறோம். சோறு தருகிறார்கள், கறி என்று ஒன்றும் தருகிறார்கள். அதன் பெயர் எங்களுக்கு இன்னும் தெரியாது. ஒருவரும் அடிக்கவில்லை. நீ வீணாக எதையாவது நினைத்துக்கொண்டு இருக்காதே.

வைன் கதையை மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். நஜாத் “அஸ்தஃபிருல்லாஹ்” என்று காதைப் பொத்தினான். கொஞ்சம் பொறுத்து, “அந்த பலூன் ஊதிச்சா இல்லயான்னு கேட்டு எழுதுங்க அண்ணே” என்றான். அதனால் கேட்கிறேன். ஊதியதா?

எனக்கு வைன் செய்யத் தெரியாது, குடிக்கத்தான் தெரியும். கேனை வெயில் படாத இடத்தில் வை. அலுமாரிக்குப் பக்கத்தில் என்றால் நல்லது. வேறு என்ன சொல்ல? இங்கேயிருந்து நான் சொல்லக்கூடியது அவ்வளவுதான்.

வருகிற மாதம் வழக்கு. இஞ்சின் பழுதானதைச் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று இங்கேயுள்ள பழையவர்கள் சொல்கிறார்கள். நத்தாருக்கு வந்துவிடுவேன். ஹோட்டல் வேலைக்கு நான் கோபிக்கவில்லை. படிக்கட்டில் ஈரக்காலோடு ஏறி இறங்காதே.

உன்
கில்பட்


ஆலங்குடா
20.11.2023

என் அன்பின் கில்பட்டுக்கு,

நஜாத்திடம் சொல்லுங்கள், பலூன் ஊதியது. இரண்டாம் நாள் காலையில் எழும்பிப் பார்க்கிறேன், கேனின் மேல் நிமிர்ந்து நிற்கிறது. வீட்டில் இன்னொரு ஆள் எழும்பி நிற்கிற மாதிரி இருந்தது. பயந்துபோய், பிறகு தனியே சிரித்தேன்.

ஆனால் வைன் சரிவரவில்லை. நான்தான் கெடுத்தேன். என்ன நடக்கிறதென்று பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை. ஒவ்வொரு நாளும் பலூனைக் கழற்றி மணந்து பார்த்தேன். முதலில் பேக்கரிப் பாண் மணம், பிறகு பழ மணம். பிறகு ஒரு நாள் மூக்கில் குத்தியது. புளித்து, தனி வினாகிரி. முழுவதையும் தென்னைமரத்தடியில் ஊற்றினேன். திறக்கவே கூடாது, அது தன்பாட்டுக்கு வேலை செய்யும், நாம் கை வைத்தால்தான் கெடும் என்று றஸீன் நானா போனில் அந்த அம்மாவிடம் கேட்டுச் சொன்னார். கை வைக்காமல் இருப்பதுதான் கஷ்டம். நான் எதைச் செய்து பழகியிருக்கிறேன்? உங்களுக்குச் சோறு கட்டித் தந்திருக்கிறேன், கிழிந்த வலை பொத்தியிருக்கிறேன். சும்மா இருந்து பழகவில்லை.

சிபானாவும் நானும் கொழும்புக்குப் போனோம். ஒரு அரசாங்கக் கந்தோரில் இன்னொரு கந்தோரைச் சொன்னார்கள். அங்கே போனால் மேல்மாடி என்றார்கள். மேல்மாடியில் ஒரு நல்ல பெண்பிள்ளை எங்களை இருக்கச் சொல்லித் தண்ணி தந்து, “அம்மா, அது அவங்கட நாட்டு நீதிமன்றம். எங்களால கேக்கத்தான் ஏலும்” என்றாள். அவள் மேல் கோபம் வரவில்லை. அவளுக்கும் எங்களைப் போலத்தான்.

மறுபடியும் ஒரு கேன் போட்டிருக்கிறேன். இந்த முறை திறக்க மாட்டேன். வழக்கு என்னாயிற்று?

உங்கள்
நிஷாந்தினி


சிறைச்சாலை
18.12.2023

நிஷா,

இந்தக் காகிதம் நத்தாருக்குப் பிறகுதான் உனக்குக் கிடைக்கும். வர முடியவில்லை. வழக்கைத் தை மாதத்துக்குத் தள்ளிவிட்டார்கள். நம் பாஷை தெரிந்த ஆள் அன்றைக்கு வரவில்லை. நீதவான் ஏதோ கேட்டார், நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

இனிக் கொழும்புக்கு அலையாதே. உன் கால் வீங்கும்.

பிந்திக் கிடைக்குமென்று தெரிந்தும் எழுதுகிறேன், பாலன் பிறப்புப் பூசைக்குப் போ. போன வருடம் எடுத்த நீலச் சாரியைக் கட்டு. நான் இங்கே அந்த நேரம் பார்த்து முழந்தாளில் இருப்பேன்.

கில்பட்


ஆலங்குடா
28.01.2024

என் அன்பின் கில்பட்டுக்கு,

நீலச் சாரியைத்தான் கட்டினேன். உங்கள் காகிதம் வரும் முன்னரே கட்டிவிட்டேன். பூசை முடிந்து எல்லோரும் கைகொடுத்தார்கள். “கில்பட் எப்ப வாறார்?” என்று ஒவ்வொருவரும் கேட்டார்கள். தை மாதம், தை மாதம் என்று எல்லோருக்கும் சொன்னேன். இப்போது ஜனவரியும் முடியப்போகிறது. வெளியே போகவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

வைன் சரிவந்துவிட்டது! நான் திறக்கவில்லை. பலூன் எழும்பி, நின்று, மெல்லமெல்லச் சோர்ந்து சாய்ந்தபிறகுதான் தொட்டேன். மண்டி அடியில் படிந்து, மேலே தெளிந்து நின்றது. கேனை அசைக்காமல் குழாய் வைத்து உறிஞ்சி ஐந்து போத்தலில் எடுத்தேன். உறிஞ்சும்போது வாய்க்குள் போய்விடுமோ என்று பயந்து, வரப்போகும் நேரம் விரலால் பொத்திவிட்டேன். நீங்கள் வருமுன் நான் ருசி பார்க்க மாட்டேன் என்று நேர்ந்திருக்கிறேன். நேர்த்தி என்று பெரிதாக ஒன்றுமில்லை. எனக்குச் செய்ய வேறொன்றும் இல்லை, அதனால்தான்.

ஒரு போத்தலின் மூடி மட்டும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வெடித்துப் பறந்து குசினிக் கூரையில் அடித்தது. பக்கத்து வீட்டார் ஓடி வந்தார்கள். அவசரப்பட்டு இறுக்கி மூடிவிட்டேன் போலிருக்கிறது. தரையெல்லாம் வழிந்தது. துடைத்த துணியை மணந்து பார்த்தேன். அது ருசி பார்ப்பதில் சேராதுதானே?

வெயிலில் பிடித்தால் தேன் நிறம். நீங்கள் பார்க்க வேண்டும்.

வழக்கில் என்ன சொன்னார்கள் என்று உடனே எழுதுங்கள்.

உங்கள்
நிஷாந்தினி


சிறைச்சாலை
24.03.2024

நிஷாவுக்கு,

பதில் பிந்திவிட்டது. காய்ச்சல் இருந்தது, இப்போது இல்லை. நாலு பேரும் சுகமாக இருக்கிறோம்.

வழக்கு இன்னும் நடக்கிறது. இந்த நாட்டில் எல்லாம் மெதுவாகத்தான் நடக்கும். நீ தேதி கேட்காதே, எனக்கே தெரியாது.

ஒன்று சொல்கிறேன், கோபிக்காதே. நீ சிலாபத்துக்குப் போய் உன் அண்ணன் வீட்டில் இரு. ஆலங்குடாவில் தனியே இருந்து என்ன செய்யப்போகிறாய்? வைனையும் கொண்டுபோ. அங்கே எல்லோருமாகக் குடியுங்கள். எனக்கென்று வைக்க வேண்டாம். செய்தவளே குடிக்காமல் இருப்பது சரியில்லை.

கில்பட்


ஆலங்குடா
26.05.2024

கில்பட்,

நஜாத் வந்துவிட்டார். உங்களோடு இருந்த சிலாபத்து ஆட்கள் இரண்டு பேரும் வந்துவிட்டார்கள். உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் “நாலு பேரும் சுகம்” என்று எழுதினீர்கள். நீங்கள் எழுதிய அன்றைக்கே அவர்கள் மூவரையும் வேறு கட்டடத்துக்கு மாற்றி, ஊருக்கு அனுப்ப ஆயத்தம் செய்துகொண்டிருந்தார்களாம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து நஜாத் நேரே நம் வீட்டுக்கு வந்தார். மெலிந்து, தாடியெல்லாம் நரைத்து, படலைக்கு வெளியே நின்றார். கதிரையில் இருக்கச் சொன்னேன். பிளேன்ரீ கொடுத்தேன். அலுமாரியின் மேல் இருந்த போத்தல்களைப் பார்த்து, “இதுதானா அக்கா அந்தச் சாமான்? உங்கட காயிதம் வந்தா நாங்க சுத்திக் குந்துவோம். பலூன் கதயக் கேட்டு அண்ணே சிரிச்ச சிரிப்பு...” என்றார். பிறகு கோப்பையைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

“அவர் எப்ப வாறார் தம்பி?” என்றேன்.

“அக்கா, அவர் சொல்ல வாணாம்னு எங்கிட்ட சத்தியம் வாங்கினாரு.”

“நீங்க சொல்லுங்க.”

“நீதவான் கேட்டாரு, போட்ட இந்தப் பக்கம் திருப்பினது யாருன்னு. யாரும் திருப்பல்ல அக்கா, இஞ்சின் செத்துப் போச்சு. எத்தன தரம் சொன்னோம், அவங்க நம்பல்ல. நாலு பேருக்கும் தண்டன வரும்னு மொழி சொல்ற ஆள் சொன்னான். அப்பதான் அண்ணே கைய ஒசத்தினாரு. நான்தான் திருப்பினேன், இவங்க மூணு பேரும் தூங்கிட்டு இருந்தாங்க, ஒண்டும் தெரியாதுன்னாரு.” அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அக்கா, அன்டைக்கு யாரும் தூங்கல்ல.”

“எத்தன வருஷம்?”

“அஞ்சு.”

தை மாதமே தீர்ப்பாகிவிட்டது. நான் வைன் தேன் நிறமென்று எழுதிக்கொண்டிருந்தேன்.

நஜாத் எழும்பி நின்று, “என்ன ஏசுங்க அக்கா” என்றார். எப்படி ஏசுவது? அவருடைய சின்னவள் வாப்பாவின் சாரத்தைப் பிடித்தபடி வந்திருந்தாள், விடவே இல்லை. நான் அவளுக்கு பிஸ்கட் கொடுத்து அனுப்பினேன்.

அவர்கள் போனபிறகுதான் எனக்குக் கோபம் வந்தது. இதை உங்களிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பேன்? நஜாத்துக்கு மூன்று பிள்ளைகள். மற்ற இருவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கில்பட்டுக்கு ஒருவரும் இல்லை என்றுதானே கை உயர்த்தினீர்கள்? வீட்டில் பிள்ளை இல்லையென்றால் நான் ஆள் இல்லையா? அந்த நேரத்தில் நான் உங்கள் நினைவில் வரவே இல்லையா?

நஜாத் சொன்னதை நான் நம்பப் போவதில்லை. உங்கள் கையால் எழுதுங்கள். எத்தனை வருடம் என்று நீங்களே எழுதுங்கள்.

நிஷாந்தினி


சிறைச்சாலை
20.07.2024

என் நிஷாவுக்கு,

ஐந்து வருடம்.

மற்றதை எழுதக் கை வரவில்லை. மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். இங்கே தாள் கிடைப்பது கஷ்டம், அதனால் இதில் வருவதை வருகிறபடி எழுதுகிறேன்.

நீ கேட்டது சரி. அப்படித்தான் நினைத்தேன். நீதவான் கேட்டபோது பக்கத்தில் நஜாத் தன் பிள்ளைகளின் பெயரை வாய்க்குள் சொல்லிக்கொண்டு நின்றான். எனக்கு அது மட்டும்தான் கேட்டது. கை உயர்ந்துவிட்டது. இறக்குவதற்குள் உன் முகம் வந்தது. இறக்க முடியவில்லை. அதற்கிடையில் அவர்கள் எழுதிவிட்டார்கள்.

நான் பெரிய நல்லவன் என்று நினைக்காதே. இன்றைக்குக் கேட்டால் உயர்த்துவேனா என்று எனக்கே தெரியாது. இரவில் அவர்கள் மூன்று பேர் மேலும் கோபம் வருகிறது. விடிந்தால் போய்விடுகிறது.

பிறகு ஏன் சொல்லவில்லை என்றால், உன் காகிதத்தில் நத்தாரும் தையும் இருந்தது. அதை அழிக்க எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு மாதமும் அடுத்த மாதம் சொல்வோம் என்று இருந்தேன்.

எனக்காகக் காத்திரு என்று எழுத எனக்கு வாய் இல்லை. காத்திருக்காதே என்று எழுதவும் முடியவில்லை. கிழித்த தாள்களில் இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டும் பொய் மாதிரி இருந்தது. உனக்கு வயது நாற்பத்தொன்று. நீயே யோசித்துக்கொள். என்ன முடிவெடுத்தாலும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். சொல்ல எனக்கு உரிமையும் இல்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த வைனைக் குடித்துப் பார். குடித்து, எப்படி இருந்ததென்று எழுது. இங்கே ஒவ்வொரு நாளும் ஒரே ருசிதான். வேறொரு ருசியை யாராவது சொல்லக் கேட்டாலாவது போதும்.

உன்
கில்பட்


ஆலங்குடா
25.08.2024

என் கில்பட்டுக்கு,

ஐந்து என்று நீங்கள் எழுதியதைப் பார்த்தேன். உங்கள் எழுத்துத்தான். இனி நம்புகிறேன்.

அது கிடைத்த நாளிலிருந்து உங்களுக்கு எழுதக் கூடாதென்று இருந்தேன். தலவில் திருவிழாவுக்குப் போனேன். சனத்தில் நெரிபட்டு அன்னம்மாளின் முன்னால் போய் நின்றபோது, என்ன கேட்பதென்று தெரியாமல் மெழுகுதிரியை மட்டும் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தேன். நீங்கள் கை உயர்த்தாமல் இருந்திருக்க வேண்டுமென்று கேட்டால், அந்த மூன்று வீட்டிலும் ஆண்பிள்ளை இல்லாமல் போவதையும் சேர்த்துக் கேட்ட மாதிரி. அப்படிக் கேட்க என்னால் முடியவில்லை. நீங்கள் செய்தது பிழை என்று சொல்லவும் முடியவில்லை. சரி என்று சொல்லவும் முடியவில்லை.

சிபானா ஒவ்வொரு நாளும் ஏதாவது சமைத்து அனுப்புகிறாள். முதலில் திருப்பி அனுப்பினேன். அதற்கு அவள் தானே கொண்டுவந்து குசினியில் வைத்துவிட்டு, “நீங்க தின்னாட்டி நானும் தின்ன மாட்டேன்” என்று நிலத்தில் இருந்துவிட்டாள். இப்போது வாங்குகிறேன்.

நேற்று ஹோட்டலில் வேலை இல்லை. மத்தியானம் ஒரு போத்தலைத் திறந்தேன். தேத்தண்ணிக் கோப்பையில்தான் ஊற்றினேன். கேட்டீர்கள், அதனால் ஒன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

முதல் மிடறு ஒன்றும் தெரியவில்லை. தண்ணி மாதிரி இருந்தது. இவ்வளவு பாடுபட்டது இதற்கா என்று இருந்தது. விழுங்கினபிறகுதான் நாக்கின் இரண்டு பக்கமும் பிடித்தது, ஆறிப்போன சாயத் தேத்தண்ணியின் கைப்பு. அதற்குப் பின்னால் தேசிக்காய். இனிப்பு இருக்குமென்று நினைத்தேன், இல்லை. போட்ட சீனி முழுவதையும் ஈஸ்ட் தின்றுவிட்டதாம். நெஞ்சுக்குள் இறங்கும்போது மட்டும் சூடு. இரண்டாவது மிடறு நன்றாக இருந்தது. மூன்றாவது இன்னும் நன்றாக இருந்தது. கள்ளைப் போல இல்லை, சாராயத்தைப் போல இல்லை, கோவிலில் பூசைக்கு வைக்கும் வைனைப் போலவும் இல்லை. உங்களுக்குப் பிடித்திருக்கும் என்று சொல்ல மாட்டேன். நீங்கள் முகத்தைச் சுளித்து, “இன்னும் கொஞ்சம் ஊத்து” என்றுதான் சொல்லியிருப்பீர்கள்.

ஒரு கோப்பைதான் குடித்தேன். பிறகு நிலத்தில் பாயைப் போட்டுப் படுத்து அழுதேன். போன வருடத்திலிருந்து வராத அழுகை. அழுது முடிந்து பசித்தது. சோறு வைத்துச் சாப்பிட்டேன்.

அண்ணன் இரண்டு தரம் வந்து கூப்பிட்டுவிட்டார். சிலாபத்தில் ஒரு தையல் இடத்தில் வேலையும் பார்த்து வைத்திருக்கிறாராம். “இன்னும் எத்தனை வருடம் இந்த மணலில் இருக்கப்போறாய்?” என்று கேட்டார். அவர் கேட்டதில் பிழை இல்லை.

என்னையே யோசிக்கச் சொன்னீர்கள். யோசித்தேன். ஐந்து வருடமும் இருப்பேன் என்று சத்தியம் செய்ய எனக்குத் தைரியம் இல்லை கில்பட். செய்துவிட்டு நடுவில் முறிந்தால், அதை உங்களிடம் மறைக்க நானும் பொய் எழுதத் தொடங்குவேன். நம் இரண்டு பேரில் ஒருவர் எழுதியது போதும்.

இந்த மாதம் இங்கேதான் இருக்கிறேன். அண்ணனிடம் அவ்வளவுதான் சொன்னேன். அடுத்த மாதத்தை அடுத்த மாதம் சொல்கிறேன். இருந்தாலும் போனாலும் உண்மையாக எழுதுவேன். நீங்களும் அப்படியே எழுதுங்கள். காய்ச்சல் என்றால் காய்ச்சல், அடித்தால் அடித்தார்கள்.

கொழும்பு ஐயாவின் ஆள் செவ்வாய்க்கிழமை போகிறாராம். அதற்குள் தபாலில் சேர்க்க வேண்டும். மழை இருட்டிக்கொண்டு வருகிறது, கொடியில் நான் கழுவிப் போட்ட ஹோட்டல் விரிப்பெல்லாம் கிடக்கிறது. எடுக்கப் போகிறேன்.

நிஷா